கிழியாமல் பிரித்த உறை

ஜனவரி 10, சனி

முட்டி வலிக்கிறது. இன்றும் சாமான் வாங்கும் நாள்.

கடையில் கண்ணுக்கு நேரே இருப்பது விளம்பரத்தில் வருகிற சரக்கு. அதற்குக் கீழே, கடைக்காரர்களே தங்கள் பெயர் போட்டு விற்பது. அதற்கும் கீழே, தரையை ஒட்டினாற்போல், அவர்களுடைய மலிவு ரகம்: படம் கிடையாது, பளபளப்பு கிடையாது, வெள்ளைப் பாக்கெட்டில் கறுப்பு எழுத்தில் ‘டீத்தூள்’, ‘பிஸ்கட்’, ‘சோப்பு’ என்று மட்டும். நம் வீடு அந்தத் தட்டு. பட்டியலில் பதினேழு சாமான். பதினேழு முறை மண்டியிட்டு எழுந்தேன். சாமிக்குக்கூட இத்தனை கும்பிடு போட்டதில்லை.

பட்டியல் எழுதுவது இவர். ஏதாவது ஒன்றில் தட்டு மாறிக் கை வைத்துவிட்டால் பில்லில் தெரிந்துவிடும். திட்ட மாட்டார். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போவார். திட்டினால்கூடத் தேவலை.

ஜனவரி 18, ஞாயிறு

இவரோடு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற இரண்டு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். வழக்கமான வித்தை நடந்தது. இரண்டு கோப்பையில் ஜூஸ். ஒன்று வெள்ளைப் பாக்கெட், ஒன்று விலை கூடியது. (அந்த பாட்டிலை விருந்தாளி வந்தால்தான் வெளியே எடுப்பார். நாங்கள் ருசி பார்த்ததில்லை.) “எது எதுன்னு சொல்லுங்க பாப்போம்.” யாரும் சரியாகச் சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். வந்தவர்களில் ஒருத்தி என்னிடம், “குடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்டுல காசு தண்ணியா ஓடுது” என்றாள்.

கல்யாணமான புதிதில் நானும் கைதட்டியவள்தான். அதையும் எழுதிவைக்கிறேன்.

மிச்சம் பிடிப்பதெல்லாம் வீட்டுக்காக. ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் போட்ட தாளில் ஒரு வீடு ஒட்டியிருக்கிறது. ஒரு கட்டம் ஒரு செங்கல். வாரக் கடைசியில் மிச்சத்துக்குத் தகுந்தபடி மகள் பட்டு சிவப்புப் பென்சிலால் தீட்டுவாள். ஒன்பது வயதாகிறது அவளுக்கு. நாலு வயதிலிருந்து தீட்டுகிறாள். போன ஆகஸ்டில் கடைசிச் செங்கலும் சிவந்தது. அன்று சந்தோஷத்தில் அழுதேன். மறுநாள் காலையில் பார்த்தால் கூரைக்கு மேலே இன்னொரு தாள். “மாடி இல்லாம என்ன வீடு?” என்றார். லிஃப்ட் பார்க்கிறவருக்கு மாடி இல்லாமல் தூக்கம் வராது போல.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். இவர் பெருகக் கட்டிச் சிறுக வாழ்கிறார். கூடவே நாங்களும்.

பிப்ரவரி 5

அம்மா ஃபோன் செய்தாள். வாய் தவறிக் கொஞ்சம் சொல்லிவிட்டேன்.

“குடிக்கிறாரா?” இல்லை. “கை நீட்டுறாரா?” இல்லை. “அப்புறம் என்னடி குறை உனக்கு? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உங்களுக்குத்தானே சேக்குறாரு? தங்கமான மாப்பிள்ளை.”

பொய்யில்லை. தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்வதில்லை. இவருடைய பனியனில் துணியைவிட ஓட்டை அதிகம். குடித்தால் சொல்லலாம். அடித்தால் காட்டலாம். மிச்சம் பிடிக்கிறார் என்று யாரிடம் போய் அழுவது?

பிப்ரவரி 20

பட்டு மறுபடி செல்லோடேப் கேட்டாள். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. “எதுக்கு?” “ப்ராஜெக்ட்மா.” எடுத்துக் கொடுத்தேன். நல்ல பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பிஸ்கட்டைக்கூட ரொம்ப நாளாய் அவளே எடுத்து வைத்துக்கொள்கிறாள். எனக்கு ஒரு வேலை மிச்சம்.

மிச்சம். நானும் அந்தச் சொல்லையே எழுதுகிறேன்.

மார்ச் 4, புதன்

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். உடனே வர வேண்டும் என்றார்கள். காய்ச்சலோ, விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன்.

வகுப்பு டீச்சர் மேசைமேல் ஒரு நீல உறையை வைத்திருந்தார். விளம்பரத்தில் வருகிற பிஸ்கட். “உங்க பொண்ணு கொண்டு வந்தது. தேதியைப் பாருங்க.” பார்த்தேன். காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. “பக்கத்துல இருக்கற பொண்ணுக்கும் குடுத்திருக்கா. வயித்துக்கு ஏதாவது ஆயிருந்தா யாருங்க பதில் சொல்றது?”

“இதை நாங்க வாங்கறதே இல்லையே டீச்சர்” என்றேன். கையில் எடுத்தேன். உறை மாதிரியே இல்லை. துவைத்துத் துவைத்து நைந்த துணி மாதிரி இருந்தது. மடிப்பெல்லாம் நீலம் போய் வெளுத்திருந்தது. ஓரம் முழுக்க டேப், டேப்பின் மேல் டேப். உள்ளே பார்த்தேன். பேரும் பூவும் எதுவும் அச்சடிக்காத மொட்டை பிஸ்கட். நம் வீட்டு வெள்ளைப் பாக்கெட் பிஸ்கட்.

டீச்சருக்கும் அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாரிங்க” என்றார்.

பட்டுவைக் கூப்பிட்டோம். உறை போன வருஷம் ஜூலையில் பஸ் சீட்டில் கிடந்ததாம்.

“வெள்ளைப் பாக்கெட்டை வெளிய எடுத்தா ‘வெள்ளை வந்துட்டா’ன்னு எல்லாரும் சொல்லுவாங்கம்மா. இதுல போட்டு எடுத்துட்டுப் போனா ஒண்ணும் சொல்றதில்ல. நான் மெதுவாத்தான் பிரிப்பேன். கிழியாம.” பிறகு, கொஞ்சம் பெருமையாகவே, “அவளுக்கு ஒண்ணு குடுத்தேன். அவளுக்கு வித்தியாசமே தெரியலம்மா.”

எட்டு மாதம். தினமும்.

அதே நாள், சாயங்காலம்

இவரிடம் சொன்னேன். முகம் சுருங்கும், ஒரு வார்த்தையாவது தடுமாறும் என்று காத்திருந்தேன்.

சிரித்தார். “அடி சக்கை. ஒரே உறையில எட்டு மாசமா? இது என் ரத்தம்.” அவள் தலையில் கை வைத்தார். சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, ஒரு வரிசை முழுவதும் தீட்டிக்கொள்ளச் சொன்னார். தீட்டினாள். காலையில் டீச்சர் முன்னால் நின்ற பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பாய்த் தீட்டினாள்.

அவர் சிரிச்சது போகட்டும். அவ சிரிச்சாளே. பக்கத்துலயே உக்காந்து ஒட்டியிருக்கா, நான் டேப் எடுத்து நீட்டியிருக்கேன் — என்ன அம்மா நான்? என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன் எட்டு மாசமா?

மார்ச் 5

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

பட்டியல் இல்லாமல் கடைக்குப் போனேன். போன வாரத்துச் சில்லறை கையில் இருந்தது. நீல உறை ஒன்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். பில்லில் கோடு போடட்டும், நூறு கோடு போடட்டும்.

தட்டுக்கு முன்னால் நின்றேன். கையை நீட்டினேன். விலையைப் பார்த்தேன். இந்த விலைக்குக் கீழே இருப்பதில் மூன்று வாங்கலாமே என்று, யாரும் கேட்காமலே, மனசு சொன்னது. கை இறங்கிவிட்டது. கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்ப வந்தேன். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை கீழே குனியவே குனிந்துவிட்டேன்.

பில் போடுகிற பெண் என்னை அறிந்தவள். “என்னக்கா, ஒண்ணும் எடுக்கலையா?” என்றாள். என்ன வாங்க வந்தேன் என்று மறந்துவிட்டது என்றேன்.

இவர் பக்கத்தில் இல்லை. பட்டியலும் இல்லை. என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. அப்படியானால் பூட்டு எங்கே இருக்கிறது?

மார்ச் 13, வெள்ளி

கண்ணாடிக் கடைக்கு ஃபோன் செய்தேன். பட்டு பிறப்பதற்கு முன் அங்கேதான் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்திக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். “ஆளில்லாம முழி பிதுங்குது. காலையில வந்துட்டு, பிள்ளை வர்ற நேரத்துக்குப் போயிடு.”

இதற்கு முன் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு இவ்வளவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு என்று ஒரு தாளில் போட்டு, நான் வேலைக்குப் போனால் நஷ்டம் என்று நிரூபித்துவிட்டார். தாளில் தப்பே இருக்காது. இன்றும், “உக்காந்து கணக்குப் போட்டுப் பாப்பம்” என்றார்.

“கணக்கு கேக்கலங்க. போறேன்னு சொல்றேன்.”

பதினோரு வருஷத்தில் இப்படி நான் பேசியதில்லை. இவர் என்னைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

மார்ச் 14

விடிந்ததும் விடியாததுமாய்க் கணக்குப் போட்டுவிட்டார். என் சம்பளமும் சேர்ந்தால் மாடி பத்து மாதம் முன்னாலேயே முடிந்துவிடுமாம். அதற்கு மேலே இன்னும் ஓர் அறைக்கு இடம் இருக்கிறதாம். தாள்கூட வாங்கி வந்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் ஆசையாகப் பேசினார். தப்பிக்கலாம் என்று நான் தோண்டின குழியில் இவர் அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

மார்ச் 16, திங்கள்

முதல் நாள் வேலை. விரல் மறக்கவில்லை.

முதலாளியம்மா ஒரு படிவம் கொடுத்தார். சம்பளம் எந்தக் கணக்கில் போட? இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற கணக்கின் எண் எனக்கு மனப்பாடம். பேனாவை எடுத்தேன், வைத்தேன். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, வழியில் இருந்த வங்கிக்குப் போய் என் பெயரில் மட்டும் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். கையெழுத்துப் போடும்போது என் பெயரே எனக்குப் புதிதாக இருந்தது.

ஒளிக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னேன். இவர் கத்துகிற ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த கதையைத்தான் சொன்னார்: பத்து வயதில், வீட்டுக்காரன் சாமானையெல்லாம் தூக்கி வெளியே போட்டது, இவருடைய அம்மா நடுத்தெருவில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, கூடப் படிக்கிற பையன்கள் பார்த்துக்கொண்டே போனது. “நின்னவனுக்குத்தான்டி தெரியும்.” குரல் உடைந்தது. என் மனசும் கரைந்துவிட்டது. சரி, அந்தக் கணக்கிலேயே போடச் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“அன்னைக்குத் தெருவுல நின்னது நீங்க. இப்ப வகுப்புல நிக்கிறது அவ” என்றேன்.

எழுந்து போய்விட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. இந்த வீட்டில் முதல் தடவை.

மே 2, சனி

முதல் சம்பளம் வியாழக்கிழமை வந்துவிட்டது. இன்று பட்டுவைக் கடைக்கு அழைத்துப் போனேன். “உனக்குப் பிடிச்ச பிஸ்கட்டை எடு.” என்னைப் பார்த்தாள். கீழ்த்தட்டைப் பார்த்தாள். “நெஜமாவா?” எம்பி நின்று நீல உறையை எடுத்தாள். வீடு வரும் வரைக்கும் பொறுக்கவில்லை, பஸ் நிறுத்தத்திலேயே பிரித்தாள். நகத்தால், ஒட்டின இடத்தைப் பார்த்துப் பார்த்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக. எனக்கு ஒன்று கொடுத்தாள். தின்றுமுடித்த பிறகு உறையைத் தொடையில் வைத்து நீவி, நாலாய் மடித்து, பையில் வைத்துக்கொண்டாள்.

“அது எதுக்குடி?”

“வேணும்லம்மா.”

தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் கை மட்டும் லேசில் எழுந்ததா?

மே 9

இன்னொன்று வாங்கினோம். உறை அவளுடைய பென்சில் டப்பாவில்.

மே 16

டப்பாவில் மூன்று உறை. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கின்றன.

மே 24, ஞாயிறு

பட்டியல் இன்னும் இவர்தான் எழுதுகிறார். நான் இன்னும் மண்டியிடுகிறேன் — பதினாறு தடவை. பில்லில் கோடு போடுவது நின்றிருக்கிறது. பேச்சும் அநேகமாக நின்றிருக்கிறது. புதிதாக வாங்கின தாள் சுருட்டியபடி ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது. எடுத்து ஒட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அதன் மேல் படிந்த தூசியை நானும் துடைக்கவில்லை.

கீழ்த்தட்டு சாமானில் கெடுதல் ஒன்றும் இல்லை. அந்த டீத்தூள் எனக்குப் பழகிவிட்டது, நன்றாகவே இருக்கிறது. அதில்தான் எனக்குக் குழப்பம். எதை எதிர்த்து இவ்வளவு பாடு?

ஜூன் 6, சனி

குப்பைப் பையைக் கட்டக் குனிந்தேன். மேலாகவே கிடந்தது நீல உறை. ஓரத்தில் பிரிக்கவில்லை. பட்டு நடுவில் பிடித்துப் பிய்த்திருக்கிறாள். கோணல்மாணலாகக் கிழிந்து, ஒரு துண்டு காணவே இல்லை. தெருவில் சிநேகிதிகள் கூப்பிட்டார்கள், ஒரே அவசரம், ஓடிவிட்டாள்.

என் கை தானாகப் போய் அதை எடுத்தது. நீவி நேராக்கப் பார்த்தது.

பின்னால் இவர் நின்றிருந்தார். “கிழிச்சிட்டாளா?”

“கிழிச்சிட்டா.”

உறையை உள்ளே போட்டுப் பையைக் கட்டினேன். இவர் வாங்கிக்கொண்டு போய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.