பெருக்கிப் பார்த்த விலை

மாப்ள,

இன்று காலை கடையைத் திறந்து மார்க்கர் மூடியைக் கழற்றியதும் அந்த நெடி மூக்கில் ஏறியது. ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் இந்த நாணயமாற்றுக் கடையில் நான் தினமும் செய்யும் முதல் வேலை வெள்ளைப் பலகையில் ரேட் எழுதுவதுதான் என்பது உனக்குத் தெரியாததா. டாலர், தினார் எல்லாம் எழுதிவிட்டேன். மலேசிய வெள்ளிக்கு நேரே இருபத்தொரு ரூபாய் என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இதை நீ பார்த்திருந்தால் ஜொகூரிலிருந்தே விசிலடித்திருப்பாய்.

எழுதியதை ஒரு நோட்டிலும் குறித்துவைப்பது எங்கள் கடை வழக்கம். பழைய நோட்டுகளைப் புரட்டினால் எனக்கு உன் வாழ்க்கைதான் தெரிகிறது. நீ விமானம் ஏறிய நாளில் வெள்ளி பதினைந்து. வாடிப்பட்டி வீட்டுக்குத் தளம் போட்டபோது பதினேழு. உன் மகளைப் பசுமலைக் கல்லூரியில் சேர்த்தபோது பதினெட்டு. அந்த மரச்சாமான் தொழிற்சாலையில் உன் சம்பளம் ஏறவே இல்லை, ஆனால் வெள்ளி ஏற ஏற வீட்டுக்கு வந்து சேர்ந்த ரூபாய் கூடியது. பலகையில் எழுதிய கையோடு உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். அனுப்பச் சற்றுத் தாமதித்தால் போதும், உன் குரல் வந்துவிடும்.

"என்ன மாப்ள, ஏறுச்சா?"

எனக்கு அதில் ஒரு பெருமை, ஏதோ ரேட்டை நானே ஏற்றிவிட்ட மாதிரி. ஏறிய நாளில் லட்டுப் படமும் சேர்த்து அனுப்பினேன். ரேட் ஏறும்போது உனக்குள் வேறொன்றும் ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. நீ எதை வாங்கினாலும் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தாய்.

"இங்க ஒரு டீ குடிச்சா ஊருல நாப்பது ரூவா மாப்ள. தொண்டைக்குள்ள எறங்குமா?" என்றாய். நான் சிரித்தேன். டீயை விட்டாய். பிறகு மீனை விட்டாய். பேருந்தை விட்டுவிட்டு வேலைக்கு நடந்து போவதாகச் சொன்னாய். வெள்ளி ஏறிய ஒவ்வொரு முறையும் உனக்கு ஏதோ ஒன்று எட்டாமல் போனது. அதற்கும் லட்டு அனுப்பியவன் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது ரேட் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குடா. படியேறுனா மூச்சு வாங்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனேன். எல்லா டெஸ்ட்டும் எடுக்கணுமாம். எண்ணூறு வெள்ளி கேக்குறாங்க. எம்புட்டு வருதுன்னு பாரு."

பாரு என்றதும் என் விரல் கால்குலேட்டருக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பத்தொன்பது.

"பதினஞ்சாயிரத்தத் தாண்டுதுடா."

அங்கே இயந்திரம் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில்தான் நான் அதைச் சொன்னேன்.

"நம்ம மதுரையில ரெண்டாயிரத்துல முடிச்சிருவாங்க. தீபாவளிக்கு வாரேல்ல, வந்து பாத்துக்கலாம்."

"அதான் மாப்ள நானும் நெனச்சேன்" என்றாய். நிம்மதியாகச் சொன்னாய். அதுதான் என்னை இன்றுவரை கொல்கிறது. உனக்குச் சம்பளம் வெள்ளியில், வலியும் அங்கே. நான் உன் நெஞ்சை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன்.

அதிலிருந்து எட்டாம் நாள் வெள்ளியின் ரேட் இன்னும் ஏறியது. லட்டுப் படத்தோடு அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. மதியம் உன் அறைத்தோழன் உன் எண்ணிலிருந்தே கூப்பிட்டான். "அண்ணே, சாப்பாட்டு நேரத்துல உக்காந்தவரு எந்திரிக்கலண்ணே" என்று அழுதான். தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டாய். விமான நிலையத்தின் சரக்கு வாசலில் உன் மகளோடு நின்று கையெழுத்துப் போட்டு உன்னை வாங்கினேன்.

நான் சொன்னது யாருக்கும் தெரியாது. உன் போனைத் திறந்து பார்த்தவர்களுக்கு என் ரேட்டும் லட்டும்தான் தெரிந்தன. "கடைசி வரைக்கும் அப்பா கூடவே இருந்தீங்க மாமா" என்று உன் மகள் என் கையைப் பிடித்தாள். கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் அவள் கடைக்கு வந்தாள். கோலாலம்பூரில் கணக்கு வேலை கிடைத்துவிட்டதாம். பலகையைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சம் அச்சாக உன்னுடையது.

"இருபதத் தாண்டிருச்சா மாமா! அங்க ரூம் வாடகையத்தான் பெருக்கிப் பாத்தேன், தலையே சுத்திருச்சு. நாலு பேரோட சேந்து ஒண்டிக்கிருவேன்." பிறகு கொஞ்சலாகக் கேட்டாள்: "அப்பாவுக்கு அனுப்புன மாதிரி எனக்கும் காலையில ரேட் அனுப்புவீங்களா?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அன்றும் வாய் வரவில்லை.

நேற்று அவள் போய் இறங்கினாள். இன்று பலகையில் இருபத்தொன்றை எழுதி முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது.

"மாமா, ஏறுச்சா?"

ரேட்டை அடித்துவிட்டேன் மாப்ள. விரலுக்குப் பழக்கம். பிறகு அழித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நீ கேட்டதையும் நான் பெருக்கியதையும் ரெண்டாயிரம் என்று சொன்னதையும் ஒன்று விடாமல் அவளுக்கு எழுதினேன். உடம்புக்கு முடியாமல் போனால் பெருக்காதே தாயி என்று கடைசியில் எழுதினேன். இதைப் படித்த பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிட வேண்டியதில்லை. பெருக்காமல் இருந்தால் போதும்.

அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு டிக் விழுந்திருக்கிறது. இன்னும் நீலமாகவில்லை.