கொழுப்பு மாத்திரையும் என் கால்களும்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, கும்பிட்டு எழுதுவது. உங்கள் உடம்பும் சின்னவளின் இருமலும் எப்படி இருக்கின்றன? நான் கடவுள் கருணையில் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு வேடிக்கை. காலையில் சாமி கும்பிடத் தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா கட்டிலில் இருந்தபடியே ஊன்றுகோலை நீட்டி, "பிடிச்சுக்கோ. இங்க யாரு யாரைப் பாத்துக்கிறதுன்னே தெரியல" என்றார். இருவரும் சிரித்தோம்.

அவரைத் தூக்கி இறக்குகிற அசதி என்றே மூன்று மாதமாகத் தைலம் தேய்த்து வந்தேன். என்றைக்கு எங்கே வலித்தது என்று நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தேன். அதைப் புரட்டிய டாக்டர், "நீங்க இதயத்துக்குப் போடுற கொழுப்பு மாத்திரையால சதை கெட்டிருக்கு. இவ்வளவு எழுதினீங்க, என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்றார். சாமியிடம் தினமும் சொன்னேன், இவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. வலி குறைந்தது, பலம் வரவில்லை. "இதயத்துக்கு என்ன பண்றது?" என்று கேட்டால், "வேற பாப்போம்" என்கிறார். பெரியம்மாவின் மகன் தெம்புள்ள வேறு ஆளைத் தேடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நீங்களும் அதே மாத்திரைதான் போடுகிறீர்கள். கால் வலித்தால் வயசு என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பெரியம்மா கூப்பிடுகிறார். எழுந்து போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி