உங்கள் பாகற்பந்தலில் என் நான்கு வரிசைகள்

என் உடன்பிறந்த அன்புக் காக்கா,

அல்லாஹ் உங்கள் கப்றை வெளிச்சமாக்கட்டும். நீங்கள் மௌத்தாகி ஒரு வருடம். இப்போதுதான் எழுத முடிகிறது. கொஞ்சம் கோபமும் இருந்தது.

நிந்தவூரில் உங்கள் பாகற்பந்தலில் செய்து பார்க்க எனக்கு நான்கு வரிசை தந்தீர்களே. இலைகளில் மாப் போலப் படியும் பூஞ்சணத்துக்கு, கறுவா இலை எண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். உங்கள் வரிசைகளுக்குக் கடை மருந்து. கடைசியில் எல்லாமே ஒரே பச்சை. பயிர் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் டீச்சர் என்ற தோரணையோடு எழுந்து, எண்ணெயே போதும் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் பின்னால் இருந்து சிரித்தீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்காமல் விட்டேனே.

நீங்கள் போன பிறகு, துக்கம் காக்கும் இத்தாக் காலம் முடிந்த கிழமை உங்கள் மனைவி என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, உன்ட வரிசைக்கும் அவர் கடை மருந்துதான் அடிச்சார். எல வெளுக்கத் தொடங்கிட்டு, நாலு பேருக்கு முன்னால தங்கச்சி தலகுனியப்படா எண்டார்."

"இத ஏன் மச்சி இப்ப சொல்றீங்க?"

"பக்கத்துத் தோட்டத்து றபீக் உன்ட எண்ணெய நம்பிக் கடை மருந்த உட்டுட்டான். அவன்ட பந்தல் வெளுத்துக் கிடக்கு."

உடனே ஓடினேன். கடை மருந்து அடித்தும் பாதிப் பந்தலைத்தான் காப்பாற்ற முடிந்தது. அடுத்த கூட்டத்தில், நான் சொன்னது பிழை என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

றபீக் எழுந்தார். "சரி டீச்சர், திரும்பச் செஞ்சு பாப்பம். என்ட பந்தல்லயே செய்ங்க" என்றார்.

இந்தப் போகத்தில் செய்தோம். எண்ணெய் கூடினால் இலை கருகுகிறது. மழை வந்தால் கழுவப்பட்டுப் போகிறது. ஆனால் முதல் வெள்ளைப் புள்ளி கண்டதுமே தெளித்து, வாரம் இருமுறை விடாமல் தொடர்ந்த வரிசைகளில் நோய் மெதுவாகத்தான் பரவியது. முற்றிய நோயை எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவுதான் காக்கா.

என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அழுதிருப்பேன். பிறகு சரியாகச் செய்திருப்பேன்.

நேற்று மருந்து தெளிக்கும் தாங்கியை நானே முதுகில் சுமந்து நடந்தேன். தோள் இன்னும் வலிக்கிறது. இந்தப் பாரத்தோடு, அந்த வெயிலில், எனக்காக எத்தனை முறை நடந்தீர்கள்? அதற்குமேல் கோபிக்க முடியவில்லை.

இனி இலை வெளுத்தால் வெளுத்தது என்றே சொல்வேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

துஆக்களுடன்,
உங்கள் ஒரே தங்கச்சி