உள்ளங்கை அளவுத் துப்பாக்கி

சிரம்பான், மலாயா,
12-8-1934

அன்புள்ள மனைவி சிவக்கொழுந்துக்கு,

முருகன் அருளால் நல்ல சுகம். உம்முடைய இருமலும் அம்மாவின் முழங்கால் நோவும் எப்படியென்று எழுதும்.

தோட்டத்துச் சம்பளப் பெட்டியோடு ரப்பர் காட்டு வழியே சைக்கிளில் போகிறவனிடம் கைத்துப்பாக்கி இருக்க வேண்டுமென்று துரை லைசன்ஸ் எடுத்துத் தந்தார். பயப்பட ஒன்றுமில்லை, எனக்கு முன்னிருந்த கிளாக்கரும் இப்போது எழுந்து நடக்கிறார்.

கடையில் மூன்று காட்டினார்கள். பெரியது சட்டைப் பையை இழுத்துத் தொங்கியது. நடுத்தரமானது துருத்திக்கொண்டு எல்லோருக்கும் தெரிந்தது. உம்முடைய உள்ளங்கை அளவான சின்னதையே எடுத்தேன். தூரத்துக்குச் சரிவராது என்றான் கடைக்காரன். தூரத்தில் நிற்பவனை நான் ஏன் சுடப்போகிறேன்?

வெள்ளிக்கிழமை கோயிலில் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றித் தூணடியில் வைத்தபோது டொக்கென்று கேட்டது.

"உதென்ன தம்பி, தேங்காயோ?" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு, வெளியே ஓடி ஒன்று வாங்கிவந்து உடைத்தேன்.

ஆகையால் வேட்டிக்குள் இடுப்பில் கட்ட, தடித்த துணியில் ஒரு பை தைத்து அனுப்பும். அம்மா கேட்டால் நேரம் பார்க்கிற மணிக்கூட்டுக்கு என்று சொல்லும். தபாலுக்கு நேரமாகிவிட்டது. அளவுக்கு, உம்முடைய வலக்கையைத் துணியில் வைத்துச் சுற்றிவரப் பென்சிலால் கோடு போடும். தைத்த பிறகு அந்தக் கோட்டைக் கழுவ வேண்டாம்.

உமது,
ஏரம்பமூர்த்தி