பட்டியலில் இல்லாத வீடு

மச்சான், பரணிலிருந்து அந்த ஆரஞ்சு மீட்பு ஜாக்கெட்டை இறக்கிவிட்டேன். எத்தனை முறை வெயிலில் போட்டாலும் வெள்ளத் தண்ணீரின் வாடை போகமாட்டேன் என்கிறது. கனமழை எச்சரிக்கை வந்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

தாம்பரத்தில் குடிமைப் பாதுகாப்புப் பயிற்சியில் நாம் சேர்ந்த அன்று, "துப்பாக்கி எல்லாம் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாயே! அதிகாரி சிரிக்கவில்லை. ஆளுக்கொரு விசிலும் கயிறும் கொடுத்தார். "எதிரி வந்தா எல்லையில பட்டாளம் பாத்துக்கும். ஏரி உடைச்சுக்கிட்டு வந்தா, உங்க தெருவுக்கு நீங்கதான் பட்டாளம்" என்றார். அன்று முழுக்க அந்த விசிலை ஊதி என் உயிரை வாங்கினாய்.

பிறகு அஸ்தினாபுரத்தில் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தோம். தரைத்தளமா, தனியாளா, தினமும் ஊசி மருந்து வேண்டுமா என்று கேட்போம். மூன்றும் இருந்தால் சிவப்பு வட்டம். வெள்ளம் வந்தால் முதலில் அந்தக் கதவு. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உன் வீடு வந்தது. தரைத்தளம், தனியாள், தினமும் இன்சுலின். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அட, நம்ம பேரையே நாம எழுதுவோமா? காப்பாத்தப் போறவன்டா நான். அடுத்த வூடு போடு."

போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளம் வந்து தேங்கி நின்ற மூன்று நாளும் இடுப்பளவுத் தண்ணீரில் நீதான் முன்னால் நடந்தாய். வட்டம் போட்ட ஒருவரையும் விடவில்லை. உன் ஃப்ரிட்ஜ் மூழ்கி மருந்து வீணானதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நீ நொண்டுவதைப் பார்த்து, "கால்ல இன்னாடா?" என்றேன்.

"கண்ணாடி கீறிடுச்சு. பேஜார் பண்ணாம அடுத்த பேரைப் படி."

படித்தேன். தண்ணீர் வடிந்தபோது உன் கால் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, உன் மேலும் என் மேலும்.

இன்று காலை, புதிதாகச் சேர்ந்தவர்கள், தாங்கள் எடுத்த பட்டியலைக் கொண்டுவந்தார்கள். புரட்டினேன். அவர்களில் ஒருவர் வீடுகூட அதில் இல்லை! கேட்டால், "நாமதானே அண்ணா காப்பாத்தப் போறோம்?" என்று சிரிக்கிறார்கள். கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார்கள். எல்லார் வீட்டையும் எழுதவைத்தேன். என் பெயரையும், ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்து, எழுதினேன்.

ஆனால் முதல் வரியில் உன் கதவு எண்ணை எழுதிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். அங்கே இப்போது பூட்டு தொங்குகிறது. தொங்கட்டும். மழை வலுத்தால் முதலில் அந்தக் கதவைத் தட்டுவேன். பிறகுதான் அடுத்த வீடு.