எல்லாப் பின்னத்தையும் பாத்துட்டியா?

என் அன்பு நூர்ஜஹான்,

நீ போன பிறகு உன் பத்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நேற்று, பின்னமாக எழுத முடியாத விகிதமுறா எண்கள் பாடம். பலகையில் பை என்று எழுதியதும் உன் ஞாபகம்தான் வந்தது.

உன் மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது நீ பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக டீச்சர். கழகத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். அவர் மகளின் விடைத்தாளில்தான் நீ சிவப்பு மையால் அடித்தாய். 'பை என்பது 22/7. ஆகவே அது விகிதமுறு எண்' என்று எழுதியிருந்தாள். அந்த மார்க்கோடு முதலிடமும் போயிற்று.

ஹெச்.எம். அறையில் கழகத் தலைவர் உட்காரக்கூட இல்லை.

"இன்னாம்மா நீ? பைன்னா ஏளுல இருவத்திரண்டுன்னு புக்குலயே போட்டுகீது. அந்தக் கணக்குலதான் எங்க கெணத்துக்கு சிமிட்டி உறை எறக்குனோம். கரெக்டா ஒக்காந்துகீது."

"கெணத்துக்கு அது போதுங்க. ஆனா அது பைக்குக் கிட்ட வர்ற எண்தான். பை எந்தப் பின்னமாவும் வராது."

"எல்லாப் பின்னத்தையும் நீ பாத்துட்டியா?"

ஹெச்.எம். உன்னைப் பார்த்தார். உன்னோடு வந்திருந்த நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் அது படித்துத் தெரிந்த விஷயம்தான். ஏன் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

"பாக்கலைங்க. ஏன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சிகினு வந்து சொல்றேன். அதுவரைக்கும் மார்க்கு போட மாட்டேன்" என்றாய்.

"வெள்ளிக்கெளம வர்றேன். அன்னிக்கும் தெரியலன்னா கெளம்பிடு."

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் காஞ்சிபுரம் பஸ் ஏறினாய், உன் பழைய பேராசிரியரைப் பார்க்க. உத்திரமேரூர் கடைவீதியில் உன் அப்பா கடையைப் பூட்டாமல் காத்திருப்பார். வேலை போனால் குழந்தையோடு என்ன செய்வாய் என்று ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் வகுப்பறைப் பலகை நிறைய எழுதினாய்.

"பை ஒரு பின்னம்னே வச்சிக்கலாங்க. அந்தப் பின்னத்த வச்சி ஒரு வளைகோடு போடறேன். அதுக்குக் கீழ இருக்கிற பரப்பு ஒரு வழியில கணக்குப் போட்டா முழு எண்ணா வருது. இன்னொரு வழியில பாத்தா பூஜ்யத்த விடப் பெரிசு, ஒண்ண விடச் சின்னது. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல முழு எண் கீதா?"

"அதெப்படி இருக்கும்?"

"இருக்காது. அப்ப பின்னம்னு நாம வச்சதே தப்பு. எந்தப் பின்னத்த வச்சாலும் இதே கதிதான். ஒவ்வொண்ணா பாக்க வேணாங்க."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவுல எளுதினது ஒண்ணும் புரில. கடைசி புரியுது. மார்க்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். நீ பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாய்.

இப்போது உன் மகள் மெட்ராஸ் காலேஜில் சேர வேண்டும் என்கிறாள். உன் அப்பா விட மறுக்கிறார். "ஒருத்தியக் காய்ச்சலுக்குப் பறிகுடுத்துட்டேன், இவளையும் கண்ணுக்கு மறைவா அனுப்புவனா?" என்று அழுகிறார். அந்தப் பயத்துக்கு என்னிடம் என்ன பதில் இருக்கிறது? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளை காலை அவரிடம் போகிறேன். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். ஆனால் அவள் படிப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன், நூரு. இது சத்தியம்.

உன் மகளுக்கு இனி பெரியம்மாவான,
மல்லிகா அக்கா