அப்பா இணைப்பில் இருக்கிறார்

அன்புள்ளவருக்கு,

'அன்புள்ள' என்ற சொல் இல்லாமல் கடிதம் தொடங்க எனக்கு வரவில்லை. பழக்கத்தில் விழுந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுகமா என்று கேட்கப் போவதில்லை. மாதம் பிறந்தால் பணம் வந்து விழுகிறது. ஆகவே ஆள் இருக்கிறீர்கள், வேலையும் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிப்பீர்கள். வேறு வழி? நான் அனுப்பும் செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. ஊரில் செத்துக் கிடந்த ஃபோன்களுக்கெல்லாம் வைஃபை வரவைத்த மனிதருக்குப் பெண்டாட்டியின் செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை என்றால், அது சிக்னல் கோளாறு இல்லை என்று எனக்கும் புரியும். நானும் அதே தொழில்தானே செய்கிறேன்.

அலுவலக முகவரியைத் தாடிக்காரரிடம் வாங்கினேன். உங்களோடு சேர்ந்து பழைய ஃபோன்களில் புது ஓ.எஸ். ஏற்றி விளையாடிக்கொண்டிருந்தவர், இப்போது அங்கேயும் உங்கள் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருப்பவர். விடுமுறையில் வந்தபோது நம் கடைக்கும் வந்தார். அவர் எப்படி இருக்கிறார் என்று உங்களைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கார், பெரிய வீடா மாத்திட்டார்" என்றார். ஒற்றை ஆளுக்கு எதற்குப் பெரிய வீடு என்று கேட்டேன். டீ ஆறிப்போகும் வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இந்தக் கடிதம் என்னைப் பற்றியது இல்லை, வாண்டைப் பற்றியது. வாண்டு என்பது நீங்கள் வைத்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிட்டால் முறைக்கிறாள், என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். உங்கள் மகள் நீங்கள் வருவீர்கள் என்று காத்திருக்கிறாள். சும்மா ஆசையில் காத்திருக்கவில்லை, கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஆதாரத்தைச் செய்து கொடுத்துவிட்டுப் போனவர் நீங்கள்தான். அது எப்படி என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். தொழில் சம்பந்தமாக இருந்தால்தான் நீங்கள் பொறுமையாகப் படிப்பீர்கள்.

கடை நடக்கிறது. உடைந்த திரை, உப்பின பேட்டரி, தண்ணீரில் விழுந்தது என்று என் பக்கத்து வேலைக்குக் குறைவில்லை. உங்கள் பக்கத்து வேலையையும் நானே பார்க்கிறேன். கம்பெனி கைகழுவிய அந்த மாடலுக்கு நீங்கள் செய்துவைத்த ஓ.எஸ்.ஸை இன்னும் கேட்டு வருகிறார்கள், ஏற்றிக் கொடுக்கிறேன். அதில் வைஃபையை இயக்கும் நிரலை, அந்த டிரைவரை, ஓடவைக்க நீங்கள் பட்ட பாடு எனக்கு மறக்காது. சோறு தண்ணி கிடையாது, குளியல் கிடையாது, கூப்பிட்டால் எரிந்து விழுவீர்கள். வைஃபை வந்த அன்று குழந்தையைத் தூக்கிச் சுற்றினீர்கள். அந்த வேலையைக் காட்டித்தான் வெளியூரில் இந்த உத்தியோகம் கிடைத்தது. "கொஞ்ச நாள்தான், அப்புறம் ரெண்டு பேரையும் கூட்டிக்கிறேன்" என்றீர்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாண்டரிக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொன்றாக அந்த ஃபோன் வைத்திருக்கிறார்கள், இரண்டிலும் நம் ஓ.எஸ். ஒரு நாள் இருவரும் சண்டையோடு கடைக்குள் நுழைந்தார்கள். "இவர் வீட்டுக்குள்ள கால் வெச்சாலே என் நெட் போயிடுதும்மா" என்றார் அந்த அம்மா. "நான் நிம்மதியா ஒரு பாட்டுக் கேட்டா இவளுக்குப் பொறுக்காது, ஏதோ பண்ணி நிறுத்திடறா" என்றார் இவர். ஒருவர் வெளியே போனால் மற்றவருக்கு நன்றாக வருகிறதாம். எத்தனையோ வீட்டில் அப்படித்தான் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆன்டெனா ஒயரை மாற்றினேன், ஓ.எஸ்.ஸை மறுபடி ஏற்றினேன், தலைகீழாக நின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் கடை வைஃபையில் சேர்த்தேன். ஒன்று வந்தால் மற்றொன்று விழுகிறது. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ரவுட்டரின் பட்டியலைத் திறந்தேன். நான் அதைத் திறப்பதே இல்லை, அது உங்கள் இலாகா. இரண்டு ஃபோனுக்கு இரண்டு வரி இருக்க வேண்டும். என் ஃபோனைத் தவிர ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'அப்பா - இணைப்பில்' என்று பச்சை எழுத்தில்.

அந்த நிமிஷம் நான் மெக்கானிக்காக இல்லை. நெற்றியில் விழுந்த முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். இதை எழுதக் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "என்னம்மா, யாராவது வராங்களா?" என்று லாண்டரிக்காரர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. ஒவ்வொரு ஃபோனின் வைஃபைக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் போட்டு அனுப்புகிறார்கள். ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்துத்தான் ரவுட்டர் ஆளை அடையாளம் காணும். உங்களுக்கே பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லாண்டரிக்காரர் ஃபோனிலும் அவர் மனைவி ஃபோனிலும் ஒரே எண். அது உங்கள் ஃபோனின் எண்.

உங்கள் நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். டிரைவர் அந்தந்த ஃபோனின் நினைவகத்திலிருந்து அதனதன் எண்ணை எடுக்க வேண்டும். புது ஓ.எஸ்.ஸில் அது எடுபடவில்லை. எண் இல்லாமல் வைஃபை கிளம்பாது என்பதால், சோதித்துப் பார்க்க மட்டும் உங்கள் சொந்த ஃபோனின் எண்ணை அதில் எழுதி வைத்திருக்கிறீர்கள். வைஃபை வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் அதை எடுக்க மறந்துவிட்டீர்கள். ஏற்றிய ஒவ்வொரு ஃபோனிலும் அதுவே போய்விட்டது. இங்கே நாம் ஃபோன்களைச் சோதிக்கும்போதெல்லாம் உங்கள் ஃபோனில் நெட் அறுந்துபோகுமே, ஞாபகம் இருக்கிறதா? ரவுட்டரைத் தட்டித் தட்டித் திட்டுவீர்கள். இரண்டு பேர் ஒரே ஆளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால் அது என்ன செய்யும்? இந்த ஊரில் உங்கள் கைபட்ட ஃபோன்கள் எல்லாம் நான்தான் அவர், நான்தான் அவர் என்று சொல்லிக்கொண்டு திரிகின்றன.

வாண்டு பள்ளியிலிருந்து வந்ததும், உங்கப்பா பண்ணிவைத்த கூத்தைப் பார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பையைக்கூட இறக்கவில்லை. "அப்ப எதிர்க்கடைத் தையல்காரர் ஃபோனும் அப்பா போட்டுக் குடுத்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் கால்சட்டையைச் சும்மா வெட்டித் தைத்துத் தந்தார் என்று நம் வைஃபை பாஸ்வேர்டையும் அவருக்குத் தாரை வார்த்தீர்களே. அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மெல்ல மெல்லத்தான் அவளிடமிருந்து கறந்தேன்.

பட்டியலில் 'அப்பா' என்று பெயர் போட்டது அவள்தான், நீங்கள் இங்கே இருந்தபோதே. நீங்கள் போன பிறகு ஒரு நாள் விளையாட்டாகத் திறந்து பார்த்திருக்கிறாள். அப்பா இணைப்பில் இருந்திருக்கிறார். மறுநாளும் இருந்திருக்கிறார். காலையில் வருகிறார், மத்தியானம் போகிறார், திரும்ப வந்து கடை சாத்தும் வரை இருக்கிறார். தையல்காரர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வருகிற கதை அது. அவளுக்கு அப்படிச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தையல்கடை மாடியில் ஒரு வாடகை அறை இருக்கிறதே, ஜன்னலில் நீலத்திரை போட்டது, நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஏதோ கோபத்தில் உள்ளே வராமல் இருக்கிறார், கோபம் தணிந்தால் தெருவைத் தாண்டி வந்துவிடுவார் என்று.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போனபோது வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள். வீட்டுப்பாடத்தை எப்போதும் கடை வாசலுக்குப் பக்கத்து ஸ்டூலில், வெளிச்சம் போதாத இடத்தில் உட்கார்ந்துதான் எழுதுவாள். ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கின அன்று அதைப் படியில் தெருப்பக்கம் பார்த்து வைத்துவிட்டு, துடைக்கிறேன் துடைக்கிறேன் என்று நெடுநேரம் துடைத்தாள். நான் வேறு, எவ்வளவு நேரம்தான் அதைத் தேய்ப்பாய், உள்ளே எடுத்து வை என்று கத்தினேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ போய்ச் சண்டை போடுவ. அப்புறம் அவர் அங்கயும் இருக்கமாட்டார்" என்றாள்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். சில நாள் கழித்து இப்போதுதான் மறுபடி உட்காருகிறேன். அன்றைக்கே முடித்திருந்தால் வாய்க்கு வந்ததெல்லாம் எழுதியிருப்பேன்.

டிரைவரை நானே சரிசெய்துவிட்டேன். உங்களைக் கேட்கலாம் என்று முதலில் நினைத்தேன், பிறகு ஒற்றை டிக் ஞாபகம் வந்தது. கோளாறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபோன் கிளம்பும்போது டிரைவர் அவசரப்பட்டு எண்ணைக் கேட்கிறது; அந்த நேரத்தில் நினைவகத்தின் அந்தப் பகுதி திறந்திருக்கவே இல்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் கொடுக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. நம்மிடம் ஓ.எஸ். போட்டவர்களை எல்லாம் கூப்பிட்டு, தவறு எங்களுடையது என்று சொல்லி, உட்காரவைத்து மாற்றிக் கொடுத்தேன். சிலர் முணுமுணுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். லாண்டரிக்காரர் வீட்டில் இப்போது இருவருக்கும் நெட் வருகிறது, வேறு விஷயத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.

தையல்காரர் ஒருவர்தான் பாக்கி. "எல்லாருக்கும் என்னமோ மாத்திக் குடுக்கறியாமே, எனக்கும் பாரும்மா" என்று அவரே வந்து ஃபோனை மேசையில் வைத்தார். கேபிளைச் செருகப் போனேன். வாண்டு என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "இவர் ஃபோனை மட்டும் விட்டுடும்மா" என்றாள். அது அப்பா இல்லை என்று உனக்குத்தான் தெரியுமே என்றேன். "தெரியும். தையல்காரர்தான். தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டி உட்காரவைத்துவிட்டு வேலையை முடித்திருப்பேன்.

வெளியே வந்து, உங்கள் ஃபோனில் ஒரு கோளாறும் இல்லை அண்ணே, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளரிடம் நான் பொய் சொல்கிறவள் இல்லை, அது உங்களுக்குத் தெரியும். காலையில் தையல்கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டால் இப்போதும் பட்டியலைத் திறக்கிறாள். பார்த்துவிட்டு மூடிவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நான் கடைக்குப் பின்னால் அடுப்படியில் நின்றுகொண்டு பார்க்காததுபோல் பார்க்கிறேன். நான் சபிக்கிற வகை இல்லை, இல்லாவிட்டால் அந்த நேரத்தில் நல்ல வார்த்தையாக உங்களுக்கு ஏதாவது வந்து சேர்ந்திருக்கும்.

என்னோடு உங்களுக்கு முடிந்துபோயிற்று என்றால் முடிந்துபோகட்டும், நான் சமாளித்துக்கொள்வேன். கையெழுத்து ஏதாவது வேண்டியிருந்தால் அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன், கேள்வி கேட்கமாட்டேன். அவளுக்கு மட்டும் எழுதுங்கள். வருவதாக இருந்தால் எந்த நாள் என்று எழுதுங்கள். வருவதாக இல்லை என்றால் வரமாட்டேன் என்று உங்கள் கையால் எழுதுங்கள். நான் சொன்னால் சண்டைக்காரி சொல்கிறாள் என்றுதான் நினைப்பாள். அந்தக் கடிதம் வந்த அன்றைக்குத் தையல்காரரைக் கூப்பிட்டு அவருடையதையும் மாற்றிவிடுகிறேன்.

கூட நாலு நல்ல வரி சேர்த்துக்கொள்ளுங்கள், படிப்பைப் பற்றி, அவள் ஓட்டத்தைப் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும். 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலத்துக்கும் உட்கார்ந்திருப்பாள். அவள் எனக்கும் மகள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா